பதினேழாம் எண்ணுக்குப் பதில்

…மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள், நான்காவது தடவை என்பது கிடையாது, அது அக்காவே போட்ட விதி, அந்த மூன்று தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், பதினோரு வருஷமாக வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருப்பது அணைந்துவிடும், அணையுமா, அணையத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு என்ன அர்த்தம்… ஷ்யாமளா முன்வரிசையின் ஓரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மழையில் நனைந்த புடவைக் கரையைக் கணுக்காலிலிருந்து விலக்கிவிட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, மாதுங்காவில் அந்தப் பள்ளிக்கூட ஹாலின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் கோமதி அக்காவின் படம், படத்துக்குச் சந்தன மாலை, பக்கத்தில் ஊதுவத்தி, ஒரு கூஜா, ஒரு தம்ளர். மேஜை விரிப்பை இஸ்திரி போட்டது யார், ஷ்யாமளா. மாலையை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தது யார், ஷ்யாமளா. படத்துக்குச் சட்டம் போடுகிறவன் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிக்க, "கல் நஹி, ஆஜ் சாஹியே, ஆஜ்!", இன்றைக்கே வேண்டும் என்று தெரிந்த ஹிந்தியில் சண்டைபோட்டு வாங்கி வந்தது யார், அதுவும் ஷ்யாமளாதான். செத்த பிறகும் வேலை வாங்குகிறாள் மகராசி. படத்தில் அக்கா கண்ணாடிக்குப் பின்னால் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரம் சிரிக்கட்டும்.

மங்களா விடுதிச் சகோதரியர் சங்கம், பம்பாய்க் கிளை. மேடைக்குப் பின்னால் தொங்குகிற துணியில் அந்த எழுத்துகளைத் தைத்ததும் ஷ்யாமளாவின் கைதான், போகட்டும். மயிலாப்பூரில் மங்களா விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் கல்யாணமாகியும் உத்தியோகம் கிடைத்தும் பம்பாய்க்கு வந்து சேர, கோமதி அக்கா அவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்து இந்தச் சங்கத்தை ஆரம்பித்தாள், இருபத்திரண்டு வருஷம் அவளே தலைவி, வேறு யாரும் நிற்க நினைத்ததும் இல்லை. விடுதியில் சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் கொடுப்பார்கள், துண்டிலும் படுக்கை விரிப்பிலும் சிவப்பு நூலால் அந்த எண்ணைத் தைத்துக்கொள்ள வேண்டும், புதிதாக வருகிறவளை ஒரு மூத்தவள் பொறுப்பில் விடுவார்கள், அவள் அக்கா, இவள் தங்கை. அக்காவின் எண் பதினேழு. ஷ்யாமளாவின் எண் அறுபத்துநாலு. பன்னிரண்டு வயதில் தாலி அறுத்த பெண்ணை, ஊர் ஏசினால் ஏசட்டும் என்று அப்பா பாலக்காட்டிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து அந்த விடுதி வாசலில் விட்டபோது அவளுக்குப் பதினேழு வயது, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் கோமதி அக்கா. அந்தக் கை எவ்வளவு கதகதப்பாக இருந்தது, அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்கக்கூடாது.

விடுதியில் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் எண் சொல்லிக் கூப்பிடுவார்கள், இருக்கிறவள் "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், ஒருத்தி தலைவலி என்று படுத்திருந்தால் அவளுடைய தங்கை "இருக்கிறாள்" என்று அவளுக்காகப் பதில் சொல்லலாம். அந்த வழக்கத்தை அக்கா அப்படியே பம்பாய்க்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதோடு ஒன்றையும் சேர்த்தாள். சங்கத்தில் ஒருத்தி இறந்துபோனால், அடுத்த கூட்டத்தில் எல்லாரையும் கூப்பிட்ட பிறகு கடைசியில் அவளுடைய எண்ணை மூன்று தடவை கூப்பிட வேண்டும், அவளுடைய தங்கை எழுந்து "இருக்கிறாள்" என்று சொல்ல வேண்டும், தங்கையைத் தவிர வேறு யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த எண் பட்டியலில் என்றைக்கும் நிற்கும். மூன்று தடவைக்கும் பதில் வரவில்லையானால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, அதோடு சரி. அப்படிக் கோடு விழுந்தது ஒரே ஒரு தடவைதான். யுத்தகாலத்தில், செம்பூரிலிருந்து வருகிற குஞ்சம்மாள், எண் நாற்பத்தொன்று, டைபாய்டில் போய்விட்டாள், அவளுடைய தங்கை ரங்கூனில் குண்டு விழுந்த நாளிலிருந்து இருக்குமிடமே தெரியவில்லை. அன்றைக்கு அக்கா அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவள் அகத்துக்காரர் வெங்கடேஸ்வரன் வந்து சொன்னார். "எனக்கு அப்படி ஆயிடப்படாதுடி, கேட்டியா" என்று ஷ்யாமளாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள். ஓகோ, உனக்கு வலிக்கிற இடம் இதுதானா என்று ஷ்யாமளா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அன்றையிலிருந்து ஐந்து வருஷமாக அந்தச் சிவப்புப் பென்சிலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மேடையில் ராஜலக்ஷ்மி பேசிக்கொண்டிருந்தாள். சங்கத்தின் உபதலைவி, எண் ஐம்பத்திரண்டு, மூன்றாவது வாக்கியத்திலேயே குரல் கம்மிவிட்டது, கண்ணைத் துடைக்கிற கைக்குட்டையில்கூட எண் தைத்திருக்கிறாள். ரேஷன் கடை வரிசையில் கர்ப்பிணிகள் கால்கடுக்க நிற்கிறார்களே என்று அவர்களுக்குப் பெஞ்சு போடவைத்தது அக்கா. முதலுதவி வகுப்பு நடத்தியது அக்கா. நாற்பத்துநாலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்து ஊரே நடுங்கினபோது கம்பளி மூட்டையோடு போய் நின்றது அக்கா. போன வருஷம் கல்யாண் அகதி கேம்பில் வந்து இறங்கின சிந்திக்காரக் குடும்பங்களுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோனது அக்கா. தாராவியில் பெண்களுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது அக்கா. ஆமாம், எல்லாம் அக்கா, அந்த மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தது யார், அந்த ஸ்வெட்டரில் பாதியைப் பின்னினது யார், லோக்கல் வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து கல்யாண் வரைக்கும் போனது யார், அதை யாராவது சொல்கிறார்களா… சொல்லவேண்டாம், சொன்னால் இன்னும் மோசம், சொன்னால் கை தட்டுவார்கள், இவர்களுடைய கைதட்டலைப் பற்றி அவளுக்குத் தெரியாதா. ஒரு தடவை தட்டினார்களே, முப்பத்தேழில், இதே ஹாலில், அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

சந்திரமௌலி. இந்தப் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொள்வதற்குக்கூட அவள் யாரிடமோ அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. ரயில்வேயில் டிராயிங் ஆபீஸ், மனைவி போய் நாலு வருஷம், குழந்தை இல்லை, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற மனிதர், தாராவி வகுப்புக்கு எழுத்துப் படங்கள் வரைந்து கொடுப்பதற்காக வந்தார். அவர் படம் போடுவார், பக்கத்தில் ஷ்யாமளா எழுத்தை எழுதுவாள். முதல் எழுத்துக்கு ஒரு அணில் போட்டார், "இது அணிலா, பெருச்சாளி மாதிரின்னா இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் ஒரு அந்நிய ஆண்பிள்ளையிடம் கேலி பேசியிருக்கிறோம் என்று உறைத்தது, அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள், முப்பத்தொரு வயதில் சிரிப்புக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்துத் தாதர் ஸ்டேஷன் பாலத்தில், கீழே வண்டி போய்க்கொண்டிருக்கும்போது கேட்டார். "ஊர் என்ன சொல்லுமோன்னு எனக்குப் பயமில்லை, ஷ்யாமளா. உங்களுக்கு இருக்கா?" இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், ஒரு மூச்சு. அவள் என்ன சொன்னாள், "அக்காகிட்டக் கேக்கணும்" என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், "கேளுங்கோ, வருஷக் கூட்டத்துக்கு நானும் வரேன், நானும் அவாகிட்டப் பேசறேன்" என்றார். அதில் என்ன தப்பு, அக்காதானே தாயும் தகப்பனும், அவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது.

அக்கா அடுக்களையில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள், வருஷக் கூட்டத்துக்கு முதல்நாள், பகல் மூன்று மணி இருக்கும். ஷ்யாமளா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தாள். அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "உனக்கு இஷ்டமாடி?" என்று கேட்டாள். கொட்டை பொரிகிற சத்தம். "நீங்க என்ன சொல்றேளோ அதுதான் அக்கா" என்றாள் ஷ்யாமளா. "அது நான் சொல்றது. நீ என்ன சொல்றே?" அவள் தரையைப் பார்த்தாள். பின்னே என்ன செய்வாள், ஆமாம் எனக்கு ஆசையாக இருக்கிறது, கல்யாணம் பண்ணிவையுங்கள் என்று ஒருத்தி வாயைத் திறந்து சொல்லுவாளா, அதுவும் தாலி அறுத்தவள், முகத்தைப் பார்த்தால் தெரியவேண்டாமா, மேடை ஏறினால் விதவை விவாகம் வேண்டும் வேண்டும் என்று முழங்குகிறவளுக்கு, பதினாலு வருஷம் கூடவே இருந்தவளுடைய முகம் தெரியாதா. அக்கா வாணலியை இறக்கினாள். கொஞ்சம் கருகியிருந்தது. "சரி, நான் பார்த்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொண்டாள், நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் இந்த ஹாலில்தான். கடைசி வரிசையில், கதவோரம், குடையை மடியில் வைத்துக்கொண்டு சந்திரமௌலி. மேடையில் அக்கா, வருஷ அறிக்கை எல்லாம் முடிந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "நம்ம ஷ்யாமளா தன்னோட வாழ்க்கையையே இந்தச் சங்கத்துக்குக் கொடுத்துடறதா இருக்கா. வேற எந்த ஆசையும் அவளுக்கு இல்லை." அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். ஷ்யாமளாவுக்குக் காது அடைத்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உறைந்துபோனாள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா, ஒரு பெண்ணின் கழுத்தை அறுத்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீரை ஊற்றி நிதானமாகக் குடித்தாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் முழுத் தம்ளரையும். அதை நினைத்தால்தான் ஷ்யாமளாவுக்கு இன்றைக்கும் உடம்பு பதறும், சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், அந்தத் தண்ணீரைக் குடித்தாளே, அதை எப்படி மன்னிப்பது. தம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் கைதட்டல். யாரோ ஒருத்தி ஓடிவந்து ரோஜா மாலை போட்டாள், அதன் ஈரம் ரவிக்கைக்குள் இறங்கிற்று. திரும்பிப் பார்த்தபோது சந்திரமௌலியும் கைதட்டிக்கொண்டிருந்தார், மரியாதையான மனிதர், பாவம், இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தை மாதம் அவருக்குக் கல்யாணம். இப்போது தாணேயில் இருக்கிறார், இரண்டு பெண் குழந்தைகள்.

பின்னே ஏன் சங்கத்தைவிட்டுப் போகவில்லை என்று யாராவது கேட்டால், கேட்க யார் இருக்கிறார்கள், கேட்டால்… எங்கே போவது என்பது ஒன்று. போனால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. ஷ்யாமளாவுக்கு வலிக்கிறது என்று தெரிந்தால் அக்கா வந்து உட்கார்ந்துகொண்டு சமாதானம் சொல்லுவாள், அழுவாள், அவளும் அழுது, கோபம் கரைந்துபோய்விடும், அதற்கு அவள் தயாராக இல்லை. கோபம் ஒன்றுதான் அவளுக்கென்று மிச்சம், சங்கத்துக்குக் கொடுக்காதது. ஆகவே பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலை தொடுத்தாள், நோட்டீஸ் எழுதினாள், கம்பளி சுமந்தாள், "சரி அக்கா" என்றாள், ஒவ்வொரு சரிக்கும் உள்ளே ஒரு பிடி கரி போட்டாள். துறைமுகம் வெடித்த மறுநாள் கம்பளி கொடுக்கிற இடத்தில் சந்திரமௌலியைப் பார்த்தாள், காதோரம் நரைத்திருந்தது, சட்டையெல்லாம் சாம்பல், "சௌக்கியமா?" என்று கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், ஒரு கம்பளியை எடுத்து நீட்டினாள், அது அவருக்கில்லை, அவர் கூட்டிக்கொண்டு வந்திருந்த கிழவிக்கு. பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், அடுத்த கம்பளியைப் பிரித்தாள். குற்றமுள்ள நெஞ்சு.

"எனக்குப் பேசத் தெரியாது, தப்பா இருந்தா மன்னிச்சுக்கிடுங்க" என்று ஒரு குரல் கேட்டு ஷ்யாமளா நிமிர்ந்தாள். ராஜலக்ஷ்மி எப்போது உட்கார்ந்தாளோ தெரியவில்லை. மேடைக்குக் கீழே, மேலே ஏறக் கூச்சப்பட்டுக்கொண்டு, தாராவி ஆறுமுகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை செய்கிறான், அவளே வகுப்பில் படித்து இப்போது நாலு பேருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறாள், சங்கத்தில் அவளுக்கு எண் கிடையாது. "எங்க சால்ல, அந்த வரிசை வீட்டுல, யாரும் அந்தம்மாவ பேரு சொல்லமாட்டோம், டீச்சரம்மான்னுதான் சொல்லுவோம். நான் மொதல்ல வகுப்புக்கு வாரப்போ வாயே தொறக்கமாட்டேன். எழுத்து தெரியும், மனசுக்குள்ள சொல்லிக்கிடுவேன், வெளிய வராது. அந்த அணிலு படம் இருக்கு பாத்தீகளா, அதக் காட்டி என்னதுன்னு கேப்பாக. நான் தலையக் குனிஞ்சுக்கிடுவேன். சில நேரம் வேணும்னே தப்பாச் சொல்லுவாக, இது எலிதான, ஆமால்லா ஆறுமுகத்தாயி, அப்படிம்பாக. சொல்லிட்டு ஒரு தம்ளரு தண்ணிய எடுத்துக்கிட்டுக் குடிச்சுக்கிட்டே எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பாக. குடிச்சு முடிக்கதுக்குள்ள நான் இல்லன்னு சொல்லணும். நீயாச் சொல்லணும்ளா, உனக்காவ நான் சொன்னா அது ஒஞ்சொல்லு இல்லைம்பாக. ஒரு நா நான் 'எலி இல்லம்மா, அணிலு!'ன்னு கத்திப்புட்டேன். அன்னைக்கு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அந்த அணில் இன்னும் இருக்கிறதா என்றுதான் ஷ்யாமளா நினைத்தாள். ஒரு தாராவிச் சுவரில் அது இருக்கிறது, அவளுடைய எழுத்தோடு, அவருடைய பெருச்சாளியோடு. அவள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள், அக்காவுக்காக அல்ல, அக்காவுக்காக ஒரு சொட்டுக்கூட விடமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் விடவில்லை. அக்கா வற்றிப்போய்க் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள், கண்ணாடி இல்லாத முகம் யாரோ மாதிரி இருந்தது. "கூப்பிடறச்சே நீ சொல்லுவியோன்னோடி?" என்று கேட்டாள். ஷ்யாமளா போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டாள், மடிப்பைச் சரிசெய்தாள். மாட்டேன் என்று மனசுக்குள் சொன்னாள், சொல்லமாட்டேன், கோடுதான் உனக்கு, சிவப்புக் கோடு. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம். "உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கறதுக்குள்ள எனக்கு ஆயுசே முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கேலி, சாகிற நேரத்திலும் கேலி. வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் அதை நினைத்து நினைத்துக் கொதித்தாள்.

"இனிமே எண் கூப்பிடலாமா?" ராஜலக்ஷ்மி பட்டியல் நோட்டைப் பிரித்தாள். பக்கத்தில் பென்சில், ஒரு முனை நீலம், ஒரு முனை சிவப்பு. ஹாலில் நாற்காலிகள் நகர்ந்து அடங்கின. ஒன்று, பதில் வந்தது, நாலு, பதில் வந்தது, ஒன்பது, பன்னிரண்டு, "இருக்கிறேன்", "இருக்கிறேன்", பதினேழைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போனாள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அறுபத்துநாலு என்றபோது "இருக்கிறேன்" என்று ஷ்யாமளா சொன்னாள், குரல் தெளிவாக இருந்தது, அவளுக்கே ஆச்சரியம். எண்பது வரைக்கும் போய் நின்றது. மழைச் சத்தம் மட்டும். ராஜலக்ஷ்மி எழுந்து நின்றாள், எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஷ்யாமளாவும் எழுந்தாள். "பதினேழு." எல்லார் பார்வையும் அவள் முதுகில் வந்து விழுந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். சொல்லமாட்டேன். இதோ பார், சொல்லமாட்டேன், நீ என்னைப் பேசவிட்டாயா அன்றைக்கு, இப்போது உனக்குப் புரியட்டும், நடுச் சபையில் ஒருத்தியின் பெயர் போவது எப்படி இருக்கும் என்று… "பதினேழு." பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஒட்டட்டும், கதவோரம் பார்க்கலாமா, பார்த்தால் குடையோடு அவர் இருப்பார், இருக்கமாட்டார், தாணேயில் ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளுக்கு அணில் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார், அது பெருச்சாளிதான் என்று அவர்களுக்கு யார் சொல்லுவார்கள்… "பதினேழு." மூன்றாவது தடவை. அவள் சொல்லவில்லை. முடிந்தது. ஜெயித்துவிட்டாள். சந்தோஷம்தான், வேறென்ன, அவள் சிவப்பு முனைக்காகக் காத்திருந்தாள்.

ராஜலக்ஷ்மி பென்சிலை எடுத்தாள், எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்கோ, எல்லாரும் பாருங்கோ" என்றாள். "இருபத்தஞ்சு வருஷத்துப் பாசம், அவளுக்குப் பேச்சே வரலை. இதைவிடப் பெரிய பதில் உண்டோ? இந்த எண்ணுக்கு நான் கோடு போடமாட்டேன், எனக்குத் தைரியம் கிடையாது." ஆமாம் ஆமாம் என்று ஹால் முழுக்க ஒரு முனகல். ஷ்யாமளாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இல்லை, நான் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, எனக்கு அவளைப் பிடிக்காது, என்று உள்ளே யாரோ கத்தினார்கள், உதடு அசையவில்லை. "அது மட்டுமில்லை" என்றாள் ராஜலக்ஷ்மி, "அக்கா இருந்த இடத்தில் உக்கார வேற யாருக்குத் தகுதி இருக்கு? நம்ம ஷ்யாமளாதான் இனிமே தலைவி. அவளும் அதைத்தான் நினைச்சிண்டிருக்கா, வேற எந்த ஆசையும் அவளுக்கு இல்லை." சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கும், கூஜாவைச் சாய்த்துத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வாயில் வைத்துக்கொண்டு, விளிம்புக்குமேல் ஷ்யாமளாவைப் பார்த்தாள்.

தம்ளருக்குமேல் இரண்டு கண்கள். இதை எங்கே பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள்… அக்கா தண்ணீர் குடித்தாள் என்றுதானே பதினோரு வருஷமாக நினைவு, நிதானமாகக் குடித்தாள், முழுத் தம்ளரும் குடித்தாள், ஆனால் அந்தக் கண்கள் எங்கே இருந்தன. மேஜையிலா, தண்ணீரிலா, ஜனங்கள்மேலா. இல்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, விளிம்புக்குமேல், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, இமைக்காமல், வகுப்பில் ஆறுமுகத்தாயைப் பார்த்த மாதிரி. வேணும்னே தப்பாச் சொல்லுவாக. இது எலிதான. நீயாச் சொல்லணும்ளா. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் ஹாலில் ஒரு சத்தமும் இல்லையே, கைதட்டல் அப்புறம்தானே, தம்ளரைக் கீழே வைத்த பிறகுதானே. அக்கா காத்திருந்தாளா. இல்லை, அப்படி இருக்காது, இருக்கக்கூடாது, அவள் துரோகிதான், அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது, கம்பளி சுமக்க ஒருத்தி, மாலை தொடுக்க ஒருத்தி, அதற்காகச் செய்தாள், யார் கண்டது, கேட்கலாம் என்றால் படமாகிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தத் தம்ளர் காலியாகிற வரைக்கும் "இல்லை அக்கா" என்று ஒரு வார்த்தை… கடைசி வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவரும் அதற்குத்தான் காத்திருந்தாரோ. ஷ்யாமளாவின் கை நாற்காலி முதுகை இறுகப் பிடித்தது. ஹாலில் எல்லாரும் இரண்டு கையையும் மார்புக்கு நேரே கொண்டுவந்துவிட்டார்கள், தட்டுவதற்குத்தான். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ராஜலக்ஷ்மி இன்னும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை, அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.